மீசையில்லாத முனி

நல்லம்மாவின் பிள்ளையை முனி கொடுத்தார் என்று எவராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொட்டுகிற மழையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடிப்போய், கால் முன்னால் வந்த பிள்ளையை இழுத்தெடுத்து, முதுகில் தட்டி அழவைத்தவள் நான். பெயர் மட்டும் கல்லுக்குப் போனது. லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் நான் மருத்துவிச்சியாக வேலை பார்த்தபோது நடந்தது இது. ஊர் யாழ்ப்பாணம், பெயர் கமலாம்பிகை. தோட்டத்தில் எல்லோருக்கும் நான் மிஸ்ஸி.

நல்லம்மா கொழுந்து பறிப்பவள். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். கங்காணி ஒன்று சொன்னால் அவள் நாலு திருப்பிக் கொடுப்பாள். ஆனால் பேசும்போதும் கை நிற்காது என்பதால் அவரும் பேசாமல் போய்விடுவார். முதலிரண்டு பிள்ளைகளும் அவளுக்குத் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது, மற்றது பல் முளைக்கும் முன் போனது. அதன் பிறகு லயத்தில் யாருடைய தொட்டிலையும் அவள் எட்டிப் பார்த்ததில்லை. மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது, மலை உச்சியில் இருந்த முனியிடம் போய் நேர்ந்துவிட்டு வந்தாள். பிள்ளை தங்கினால் வருஷத்துக்குள் முடியிறக்கி, சிவப்புச் சேவல் ஒன்றும் பலி கொடுப்பதாக நேர்த்தி.

அந்த முனி, மழைநீர் ஓடக் கான் வெட்டும்போது அவளுடைய புருஷன் முருகையாவின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவர். இடுப்பளவு உயரத்தில், உட்கார்ந்த கோலத்தில் ஒரு கல் உருவம். தோட்டத்தார் அவரை மரத்தடியில் இருத்தி எண்ணெய் பூசி, வெள்ளியில் இரண்டு உருட்டுக் கண் பதித்து, கரியால் முறுக்கு மீசையும் வரைந்துவிட்டார்கள். வருஷத்துக்கொரு முறை சுருட்டும் சாராயமும் படைத்தார்கள். அவர் முனிதானா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை, எனக்கும்தான்.

பெண் குழந்தை பிறந்தது. தங்கியது. அடுத்த வருஷம், ஐம்பத்தாறில், புத்த ஜயந்தி வந்தது. பதுளைக்குக் கிட்ட ஒரு விகாரையில் பழம்பொருள்கள் வைக்கச் சிறிய நூதனசாலை திறந்து, வெசாக் பண்டிகைக்குக் கண்காட்சி வைக்க ஆயத்தம் நடந்தது. பழஞ்சிலைகளைத் தேடித் திரிந்த அந்த விகாரைப் பிக்கு எங்கள் மலைக்கும் ஏறி வந்தார். முனியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

“இவர் புத்தர்” என்றார்.

சிலையைக் கொண்டுபோகத் தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்துவிட்டார். அதோடு தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பிக்கு அப்படிச் செய்யவில்லை. முருகையாவைக் கூப்பிட்டு, கடைசிப் பூசை முடியும்வரை வெயிலில் காத்து நின்றார். எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று சொல்லித்தான் கொண்டுபோனார். நல்லம்மாவுக்கு அது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நேர்த்தி பாக்கி, பிள்ளைக்கோ வருஷம் முடியப் போகிறது. தீர்க்காத நேர்த்தி பிள்ளை தலையில் விடியும் என்று பயந்தாள். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும், “முனி புள்ளக்கி சுடுது மிஸ்ஸி” என்று என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

வெசாக் வாரத்தில் ஒருநாள், “பதுளைக்குப் போறோம் மிஸ்ஸி, நீங்களும் வாங்க, சிங்களம் பேச ஆளு வேணும்” என்று வந்து நின்றாள். கண்காட்சி பார்க்கத்தான் என்று நினைத்து நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பஸ்ஸில் அவளுடைய காலடியில் இருந்த கூடை கொக்கரித்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

“என்னடி இது?”

“சேவலுங்க.”

“உனக்கென்ன விசரே? வெசாக்கில போய் புத்தருக்குக் கோழி வெட்டப் போறியோ?”

“புத்தருக்கு இல்லீங்க, முனிக்கு. நேந்தது நேந்ததுதான்.”

முருகையா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். மனைவி பேசும்போதெல்லாம் அவன் எங்காவது பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

அந்த வருஷம் நாட்டில் சிங்களம் மட்டுமே என்ற மொழிப் பேச்சு சூடேறிக் கிடந்தது. சந்தியில் நின்று தமிழில் உரத்துப் பேசவே யோசித்தோம். விகாரையில் வெசாக் விளக்குக் கூடுகள் காற்றில் ஆடின. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் பக்திப் பாட்டுப் பாட வரிசையாக நின்றார்கள். கண்காட்சியைத் திறந்து வைக்க, அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தர் நாற்காலியில் இருந்தார். வாசலில் நின்ற தொண்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார், கால் கட்டிய சேவலையும் அதன் பக்கத்தில் கிடந்த கத்தியையும் பார்த்தார். சத்தம் போடத் தொடங்கிவிட்டார். ஆட்கள் கூடினார்கள். நல்லம்மாவை மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

சத்தம் கேட்டுப் பிக்கு வந்தார். நேர்த்திக் கதை முழுவதையும் நான் சிங்களத்தில் ஒப்புவித்தேன். அவர் சேவலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

“ஓர் உயிரைத் தருவதாகத்தானே நேர்ந்தாள்? உயிரோடேயே தரட்டும். அரச மரத்தடியில் நிறைய இடம் இருக்கிறது” என்றார்.

நான் தமிழில் சொன்னதும் நல்லம்மா கூடையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். முருகையா அன்றைக்கு முதல்முதலாக வாயைத் திறந்தான்.

“சரிதானே புள்ள. வெட்டுனா திங்கப் போறது நாமதானே.”

கட்டை அவிழ்த்துவிட்டதும் சேவல் மரத்தைச் சுற்றி ஓடியது. கூடியவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

ஆனால் பெரிய சிக்கல் உள்ளே காத்திருந்தது. எண்ணெயும் கரியும் போகக் கழுவி, முனியை மேடையில் வைத்துச் சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார்கள். நல்லம்மா பார்த்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

“மீசை எங்க மிஸ்ஸி? கண்ணு எங்க? இது எங்க ஐயா இல்ல.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவரு முனியே இல்லன்னா நான் யாருகிட்ட நேந்தேன்? முடிய யாருக்கு எறக்குறது? புள்ளக்கி ஏதாச்சும் ஆயிருச்சின்னா?”

வேறொரு நாளாக இருந்தால், பிள்ளையை எடுத்துத் தந்தவள் நானடி என்று கத்தியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கேட்டதைப் பிக்குவிடம் சொன்னேன். நேர்ந்த அன்று எந்தப் பக்கம் இருந்து கேட்டாள் என்று மட்டும் அவளிடம் கேட்கச் சொன்னார்.

நல்லம்மா எழுந்தாள். கயிற்றுக்குக் கீழே குனிந்து போய், சிலையின் வலப்பக்கம் முழங்காலிட்டாள். தோளைத் தொடும் அந்த நீண்ட காதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“இந்தக் காதுலதான் சொன்னேன்” என்றாள். “கண்ணும் மீசையும் நாம வச்சது. காது அவரோடது. இவருதான் கேட்டுக்கிட்டாரு.”

வெசாக் என்பதால் பதுளையில் சலூன்களெல்லாம் பூட்டு. பிக்கு தன்னுடைய சவரக்கத்தியையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் தானே எடுத்து வந்தார். கயிற்றை அவிழ்த்து ஓரமாகப் போட்டார். உத்தியோகத்தர் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். அந்தக் காலத்தில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால், எங்களுக்காக அவர் அதைச் செய்தார். அந்த மனிதரை நினைக்காமல் நான் ஒரு வெசாக்கைக் கடந்ததில்லை. அவர் நன்றாயிருக்க வேண்டும்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடியிறக்க வேண்டும். நல்லம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை.

“நீங்க உக்காருங்க மிஸ்ஸி.”

“நான் பொம்பிளையடி. மாமன் இருக்கிற இடத்தில நான் எப்பிடி இருக்கிறது?”

“நீங்கதான் இருக்கணும். புள்ள எடுக்கிறப்ப மிஸ்ஸி கையி நடுங்கக் கூடாது சாமின்னுதான் இவருகிட்ட நான் கேட்டதே.”

சப்பணமிட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தேன். கண்ணில் நீர் முட்டி எதுவும் தெரியவில்லை. முருகையா மெல்ல மெல்ல மழித்தான். பிள்ளை தொண்டை கிழிய அழுதது. பிக்கு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பக்கத்திலேயே நின்றார்.

முடிந்ததும் நல்லம்மா பிள்ளையை என் மடியிலிருந்து வாரியெடுத்தாள். மழித்த தலையில் முகத்தைப் புதைத்து, “எம் புள்ள, எம் புள்ள” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிள்ளை பிறந்து ஒரு வருஷமாக, அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை.