அரைக் கட்டை இறக்கு, யாரிடமும் சொல்லாதே

ஹெவி மெட்டல் ராக் கச்சேரிகளில் நாற்பத்திரண்டு வருடமாகக் கறுப்புச் சட்டை விற்கிறேன். ஆரம்பத்தில் சின்ன அளவும் நடு அளவும்தான் போகும். யாராவது பெரிய அளவு கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது சின்ன அளவு அடிப்பதையே விட்டுவிட்டேன். மூன்று எக்ஸெல் கேட்டு வருகிறவர்கள் வேறு யாருமில்லை, அன்றைக்குச் சின்ன அளவு வாங்கிய அதே ஆட்கள்தான். ஹெவி மெட்டல்காரர்கள் இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் மேடையைப் பார்த்து எழுதுகிறார்கள். என் மேசைக்கு வந்து கேட்டால் சரியாகச் சொல்வேன். ஒருவரும் வருவதில்லை.

நான் சொல்ல வந்தது சட்டையைப் பற்றி அல்ல, என் புருஷன் நார்மன் டிரான்டரைப் பற்றி. இங்கிலாந்தில் கிராட்லி ஹீத் என்கிற ஊரில் ஒரே பள்ளியில் படித்தோம், அதனால் எனக்கு அவன் இன்றும் ‘அவன்’தான். வயது அறுபத்தொன்பது. ‘க்ரேன்ஹூக்’ என்கிற எங்கள் ஊர் ஹெவி மெட்டல் குழுவுக்குக் கிட்டார்களைச் சுருதி சேர்த்துக் கொடுப்பது அவன் வேலை. மேடையில் நிற்பவர்களுக்கு விளக்கும் கைதட்டலும். மேடையோரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு டார்ச் லைட். அவன் வேலை பார்த்த சங்கிலிப் பட்டறையை ஒரு வெள்ளிக்கிழமை மூடினார்கள். திங்கட்கிழமை நார்மன் இவர்களுடைய கிட்டார் பெட்டியைத் தூக்கினான். இன்றுவரை இறக்கி வைக்கவில்லை.

குழுவில் நான்கு பேர் இருந்தாலும் ஊர் அறிந்தது இரண்டு பேரைத்தான். பாடகன் ரே பார்ஜட்டருக்கு எழுபது வயது. கிட்டார் கிளிஃப் ஹிங்லி அவனைவிட ஒரு வயது மூத்தவன். இரண்டு பேருக்கும் எட்டு வயதிலிருந்து போட்டி. முன்பெல்லாம் பெண்களுக்காகப் போட்டி போட்டார்கள், இப்போது யார் முதலில் கிழவனாவது என்பதில் போட்டி. “என்னைக்குச் சுருதிய இறக்கிப் பாடுறேனோ அன்னைக்கு மைக்கக் கீழ வச்சிருவேன்” என்று ரே பேட்டிக்குப் பேட்டி முழங்குவான். “வெரல் கேக்காதவன் மீன் பிடிக்கப் போகட்டும்” என்று கிளிஃப் பதில் கொடுப்பான். இரண்டு வசனத்தையும் நானே சட்டையில் அடித்து விற்றிருக்கிறேன். நன்றாகப் போயிற்று.

இந்த வயதுக் குழுக்களில் முக்கால்வாசிப் பேர் சுருதியை இறக்கித்தான் வண்டியை ஓட்டுகிறார்கள். பல்செட்டைப் பற்றி யாரும் பேசாத மாதிரி இதைப் பற்றியும் பேசுவதில்லை. நம்மவர்கள்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ஒரு இசைத் திருவிழா. முழங்கால் அளவு சேறு. ரே இரண்டு கையிலும் பீரோடு நார்மனின் ஸ்டூலைத் தேடி வந்தான். அரைக் கட்டை இறக்கு, தொண்டை இழுக்கிறது, கிளிஃபுக்குத் தெரிந்தால் சாகும்வரை சொல்லிக் காட்டுவான், யாரிடமும் சொல்லாதே என்றான். நார்மன் தலையாட்டினான். சுருதி இறங்கினால் கம்பி தளர்ந்துபோகும், தொட்டதும் கிளிஃப் கண்டுபிடித்துவிடுவான். அதனால் தடித்த கம்பியாக மாட்டி அதையும் மறைத்தான். பேஸ் கிட்டார் நைஜலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நைஜலுக்கு எதுவும் தெரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே கிளிஃப் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் கடைக்குப் போயிருந்தேன். நார்மன் அவனுக்குப் பட்டாணியும் பன்றி இறைச்சியும் வைத்தான். கரண்டியைப் பிடிக்க முடியாமல் கிளிஃப் அதைக் குழந்தை மாதிரி முஷ்டியில் பிடித்தானாம். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. அரைக் கட்டை இறக்கு, கம்பி தளர்ந்தால் நோவு குறையும், ரேவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்றான்.

நார்மன் அதற்கும் தலையாட்டினான். தடித்த கம்பியைக் கழற்றிவிட்டுப் பழைய கம்பியை மாட்டினான், அவ்வளவுதான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இரண்டு பேரும் தனித்தனியே அவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். நாலு வருடம் கழித்து இருவரும் இன்னொரு அரைக் கட்டை கேட்டபோதும் இதே கதைதான். ஆக மொத்தம் முழுசாக ஒரு கட்டை இறங்கிவிட்டது. மேடையில் அவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, எழுபதிலும் நாங்கள் சிங்கம் என்று உறுமிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. நார்மனின் இடது காது போய்விட்டது, வலது காது பின்னாலேயே கிளம்பிக்கொண்டிருந்தது. அடுப்பில் கெட்டில் கத்தும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவான். இரண்டு வருடமாகக் காரை என்னையே ஓட்டச் சொன்னான். இடது பக்கம் உட்கார்ந்தால்தான் மிச்சமிருக்கிற காது என் பக்கம் இருக்கும். ஒருநாள் பின்கட்டுக் கொட்டகைக்குப் போனேன். கிட்டாரின் தலைப்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். சுருதி சரியா என்பதைச் சின்னப் பெட்டியில் எரியும் பச்சை விளக்கு சொல்லிவிடும். கம்பி எங்கேயாவது உரசி இரைகிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். கம்பியின் அதிர்வை அவன் பல்லால் கேட்டுக்கொண்டிருந்தான். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்தேன், சத்தம் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு தேநீர் போட்டேன்.

அந்த வேலை போனால் அவன் என்ன ஆவான் என்பதுதான் என் பயம். வேலை இல்லாத நார்மனை நான் ஒரு கிறிஸ்துமஸ் வாரம் பார்த்திருக்கிறேன். என் மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று அடுத்த வீட்டுக் குப்பைத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் வேலியில் போன ஓணானை நான் எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். முதல் இசைத்தட்டு வந்து நாற்பது வருடம் ஆகிறதே, நெதர்டன் ஊர்ப் பித்தளை பேண்டுக்காரர்களோடு சேர்ந்து அதை முழுசாக வாசித்தால் என்ன என்று கேட்டேன். இருபத்துநாலு பேர், கொம்பும் குழலுமாக. ரே, கிளிஃப் இரண்டு பேருமே பிரமாதம் என்றார்கள், மற்றவன் முன்னால் முடியாது என்று சொல்ல முடியுமா? நார்மன் மட்டும் கையிலிருந்த பிஸ்கட்டைத் தேநீருக்குள் தவறவிட்டான்.

பேண்டு நடத்துகிறவர் ஹிலாரி பாட்லி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பழைய இசைத்தட்டைக் கேட்டு ஒவ்வொரு ஊதுகுழலுக்கும் அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டார், நாற்பது வருடத்துக்கு முந்தைய அதே சுருதியில். கிட்டாரை முறுக்கலாம், தளர்த்தலாம். இருபத்துநாலு பித்தளையை என்ன செய்வது? தனியாகப் போய் ஹிலாரியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஹிலாரியிடம் சொல்வதும் தெருவில் தமுக்கு அடிப்பதும் ஒன்று. சுருதியை ஏற்றினால் ரேவின் தொண்டையும் கிளிஃபின் விரலும் போச்சு. ஏற்றாவிட்டால் குட்டு வெளிப்பட்டு இரண்டு வீறாப்புக்காரர்களும் அன்றைக்கே விலகிவிடுவார்கள், அத்தோடு க்ரேன்ஹூக் முடிந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மூன்று வாரம் யோசித்து, என் புருஷன் நியாயஸ்தன் அல்லவா, யாருக்கும் வஞ்சனை இல்லாமல் சரிபாதியாக அரைக் கட்டை மட்டும் ஏற்றி வைத்தான்.

பாதிக் கிணறு தாண்டினால் கிணற்றுக்குள்தான் விழ வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. உலகத்தில் உள்ள இடைவெளிகளிலேயே அரைக் கட்டைதான் காதைக் கிழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நெதர்டன் சர்ச் கூடத்தில் ஒத்திகை. ஹிலாரி கையை உயர்த்தினார். ட்ரம்மும் கிட்டாரும் பித்தளையும் ஒன்றாக இறங்கின. அந்த முதல் அடியிலேயே காவலாளியின் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. நாலு வரி ஓடிய பிறகுதான் எல்லோரும் நிறுத்தினார்கள்.

ஊதுகிறவர்கள் சுருதி சேரவில்லை என்றான் ரே. இருபத்துநாலு பேருமே தப்பு என்றான் கிளிஃப். நாற்பது வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஹிலாரி கைப்பையைத் திறந்து இசைக்கவையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார்.

“எங்க பிள்ளைங்க சரியாத்தான் இருக்காங்க. உங்க கம்பிதான் அரைக் கட்டை எறங்கியிருக்கு.”

“எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு” என்றான் நைஜல்.

ரே தரையைப் பார்த்தான். கிளிஃப் கூரையைப் பார்த்தான். மற்ற எல்லோரும் நார்மனைப் பார்த்தார்கள். அவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான், பட்டப்பகலில் அது எதற்கு எரிந்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை.

“என் தப்புதான். காது போயிருச்சு. ரெண்டு வருஷமா ஒழுங்காக் கேக்கல. வேற ஆளப் பாத்துக்கங்க.”

அந்தக் கூடத்தில் அது உண்மை என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். இருபத்துநாலு பேர் மூச்சை அடக்கினார்கள், அவர்களுக்கு அதில் பயிற்சி அதிகம். நார்மன் கோட்டை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தான். ரேவும் கிளிஃபும் பேசாமல் இருந்தால் பேசாமலே காரியம் முடிந்துவிடும். குட்டும் வெளிப்படாது, மானமும் போகாது. நான் அவர்களைப் பார்த்தேன். பேசாவிட்டால் இனிமேல் இவன்களுக்கு என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“அவன் காதுக்கு ஒண்ணுமில்ல” என்றான் ரே. மைக் திறந்திருந்தது, கூடம் முழுக்கக் கேட்டது. “என் தொண்டதான் போச்சு. நாந்தான் எறக்கச் சொன்னேன்.”

“ஒன் தொண்டையா?” என்றான் கிளிஃப். “என் வெரலுக்காக நான்ல எறக்கச் சொன்னேன்?”

“எப்போ?”

“பதினோரு வருஷமா.”

“பதினோரு வருஷமா எனக்குத் தெரியாம ஒன் வெரலுக்காகவா நான் அடியில பாடிக்கிட்டிருக்கேன்?”

“நீ மட்டும் எங்கிட்டச் சொன்னியாக்கும்.”

பிறகு ஒரு கால்மணி நேரம் சண்டை. எனக்காக இறக்கவில்லை, உனக்காகத்தான் இறக்கியது, நான் சமாளித்திருப்பேன் என்று இருவரும் மாற்றி மாற்றிச் சாதித்தார்கள். அதுவும் ஓய்ந்ததும் கிளிஃப் வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே, “கேட்டிருந்தா நானே எறக்கியிருப்பேன்டா” என்றான். ரே மைக்கை அணைத்தான்.

ஹிலாரி கண்ணாடியைத் துடைத்தபடி, பழைய சுருதியில் வாசித்து என் பிள்ளைகளின் உதடு மூன்று வாரமாகக் கிழிகிறது, ஒரு கட்டை இறக்கினால் எங்களுக்கும் புண்ணியமாகப் போகும், இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்றார்.

கதவருகே நின்றிருந்த நார்மனை ரே தோளில் கை போட்டு இழுத்து வந்தான். “காது போச்சாம்ல! எங்களக் காப்பாத்தப் பொய் சொல்றதுக்கு வேற ஒண்ணு கெடைக்கலியாடா ஒனக்கு? இங்கிலாந்துலயே நல்ல காதுடா இது” என்று இடது காதைப் பிடித்துத் திருகினான். கூடமே சிரித்தது. நார்மனும் சிரித்தான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக.

வீட்டுக்குக் காரை நான்தான் ஓட்டினேன். சந்தைத் திருப்பத்தில் அவன் என் பக்கம் திரும்பினான்.

“யாரும் நம்பல, டெனிஸ்.”

“நம்பல.”

“ஒனக்குத் தெரியும்ல?”

“கெட்டில் ரெண்டு வருஷமாக் கத்துது, நார்மன்.”

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவன் கையுறையைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

“யார்கிட்டயும் சொல்லாத.”

ரேவும் கிளிஃபும் அவனிடம் சொன்ன அதே வார்த்தை. பதினொரு வருடம் ஊரார் வியாதியை எல்லாம் மூட்டை கட்டிச் சுமந்தவனுக்கு, தன்னுடையதை இறக்கி வைக்க இருந்த ஒரே இடம் நான்தான் என்று நினைத்தபோது தெரு கலங்கித் தெரிந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். திங்கட்கிழமை காது டாக்டரிடம் வந்தால் சொல்ல மாட்டேன் என்றேன். வந்தான். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டான். அறுபத்தொன்பதிலும் முடி தோள்வரை தொங்குவதில் இப்படி ஒரு லாபம் உண்டு, ஒருவருக்கும் தெரியாது.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. ஒரு கட்டை இறக்கிய சுருதியிலேயே புது இசைத்தட்டும் பதிவு செய்தார்கள். வயது ஏற ஏற க்ரேன்ஹூக்கின் ஓசையில் கனம் கூடுகிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். கம்பி தளர்ந்தால் ஓசை கனக்கத்தானே செய்யும்? அந்த விமர்சனத்தை நறுக்கி ரே பர்ஸில் வைத்திருக்கிறான்.

மேடைச் சத்தத்தில் நார்மனின் மெஷின் கீச்சிடும், அதனால் அங்கே மட்டும் அவன் இன்னும் பல்லைத்தான் நம்புகிறான். முன்வரிசைப் பையன் ஒருவன் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். இருட்டில் டார்ச் வெளிச்சம், தொங்கும் நரைமுடி, கிட்டாரின் தலையைக் கவ்விய பற்கள். ஏதோ பேய்ச் சடங்கு என்று நினைத்துக்கொண்டு கூட்டம் அதற்கென்றே மேடையோரம் வந்து கைதட்ட ஆரம்பித்தது. நாற்பத்திரண்டு வருடத்தில் அவனுக்கு விழுந்த முதல் கைதட்டல். நான் சும்மா இருப்பேனா? படத்தைச் சட்டையில் அடித்தேன். மூன்று எக்ஸெல் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

இவர் ஏன் கிட்டாரைக் கடிக்கிறார் என்று வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

பசி என்கிறேன்.