அண்ணனின் ரோஸ் பாறைகள்

மருத்துவமனை மருந்தகத்தில் அவளுக்குச் 'சொட்டு' என்று பட்டப்பெயர். குழந்தைகளுக்கு மருந்து அளக்கும்போது ஒரு சொட்டு கூடிவிட்டாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து அளப்பாள். பதினேழு வருஷத்தில் அவள் கையால் ஒரு மருந்தும் அளவு தப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் வீட்டுக் கூடத்தில் அளவு தப்பிவிட்டாள்.

கூடத்தில் இருந்தது அண்ணனுடைய கடல்நீர் மீன்தொட்டி. அண்ணன் கப்பலில் இன்ஜினியர். ஒன்பது மாதப் பயணம் கிளம்பும்போது, ஆறு வருஷம் வளர்த்த தொட்டியைத் தங்கையை நம்பி விட்டுப் போனான். அதிலிருந்த இரண்டு மீன்களையும் ஒரு நத்தையையும்விட அவனுக்குப் பாறைகள்தான் உசத்தி. பெயின்ட் அடித்தாற்போல் ரோஸும் ஊதாவுமாகப் பாறைமேல் படர்ந்திருக்கும் சுண்ணாம்புப் பாசி. அது லேசில் வராது. தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் ஏறாமல் இறங்காமல் மாதக்கணக்கில் ஒரே அளவில் நிற்க வேண்டும்.

தொட்டியை அவள் வீட்டுக்கு மாற்றிய அன்று பாறைகள் அரைநாள் வெயிலில் காய்ந்துவிட்டன. இரண்டே வாரத்தில் பாசி வெளுத்துப்போனது. அண்ணனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் போட்டோ கேட்டபோதெல்லாம், தொட்டி வந்த முதல் நாள் எடுத்து வைத்திருந்த படங்களில் ஒன்றை அனுப்பினாள்.

பொய் சொன்னாளே தவிர, சும்மா இருக்கவில்லை. மருத்துவமனைப் பல் டாக்டர் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. அவரிடம் ரோஸ் படர்ந்த கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றை வாங்கி வந்து, சுரண்டித் தூளாக்கித் தண்ணீரில் விட்டாள். எட்டாம் மாதம், பாறையின் நிழல் பக்கத்தில் கடுகு கடுகாக ரோஸ் புள்ளிகள் தெரிந்தன. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். முப்பத்தொன்று.

அந்த வாரமே அண்ணன் போன் செய்தான். "கப்பல் சீக்கிரமே வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வர்றேன்."

அவள் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தாள். கால்சியக் கரைசல் ஒரு பாட்டில், காரக் கரைசல் ஒரு பாட்டில். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும், துளித்துளியாக விட வேண்டியவை. இரண்டு நாளில் கொஞ்சமாவது படரட்டும் என்ற ஆசையில், இரண்டிலும் மூன்று நாள் அளவை அடுத்தடுத்து ஊற்றிவிட்டாள்.

தொட்டிக்குள் மூட்டம் போட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அரிசி கழுவிய நீராக வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பல் டாக்டரைப் போனில் அழைத்தாள்.

"ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டீங்களா? ஐயோ! இப்ப அதைச் சரி பண்றேன்னு இன்னொண்ணை ஊத்திடாதீங்க. கலந்து வச்ச உப்புத்தண்ணி இருந்தா கொஞ்சங்கொஞ்சமா மாத்துங்க. பம்ப் மட்டும் நிக்கவே கூடாது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பம்ப் கிர்ரென்று முனகி நின்றது. உள்ளே சுண்ணாம்பு இறுகிவிட்டிருந்தது.

லாரி மெக்கானிக்கான கணவன் சாப்பிட வந்தவன், தட்டைத் தள்ளிவிட்டுப் பம்பைக் கழற்றி வினிகரில் போட்டான். "உங்கண்ணன் அம்மாம் பெரிய கப்பலையே ஓட்டுறாரு. இந்தச் சுண்டக்கா பம்ப்புக்கு எவ்ளோ திமிரு பாரு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றுக் கலக்கட்டும் என்று குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். மணிக்கட்டு மரத்துப்போனது. ஒரு மீன் ஒருக்களித்துச் சாய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஊற்றினாள். நாற்பது நிமிஷம் கழித்துப் பம்ப் ஓடியது. இருந்த இருபது லிட்டர் உப்புத்தண்ணீரையும் மாற்றினாள். அதற்குமேல் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாயங்காலம் தண்ணீர் தெளிந்தது. சனிக்கிழமை காலை சாய்ந்த மீன் நிமிர்ந்து நீந்தியது. பாறையெல்லாம் வெள்ளைத் தூசி. சிரிஞ்சால் மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சி விலக்கிப் பார்த்தபோது மிஞ்சியிருந்த புள்ளிகள் நான்கு.

ஞாயிறு காலை அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நின்றான்.

"அண்ணா, நான் அனுப்பினதெல்லாம் பழைய போட்டோ. கொண்டு வந்த அன்னிக்கே பாறை வெயில்ல காஞ்சு, பாசி முதல் மாசமே போயிருச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"எட்டு மாசமா அந்த நத்தை கண்ணாடியில ஒரே மூலையில உக்காந்திருக்கே! அது செத்துப்போச்சோன்னுதான் மொதல்ல பயந்தேன்."

"அப்புறம் ஏண்ணா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். அன்று சாப்பிடும்போது அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் மாலை அவனே வந்து தண்ணீரைச் சோதித்தான்.

"தப்பு என்மேலயும் இருக்கு. பாறையை ஈரத்துணி சுத்தி எடுத்துட்டுப் போன்னு நான் சொல்லியிருக்கணும்."

கரையில் இருந்த மூன்று மாதமும் அவன் தொட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. காலையில் அவள் ஒரு பாட்டிலை அளந்து விட்டாள், மாலையில் அவன் வந்து மற்றதை விட்டான். அவன் மறுபடி கப்பல் ஏறியபோது புள்ளிகள் துவரம்பருப்பு அளவு இருந்தன. பாறை பாதியாவது ரோஸாக மேலும் ஒரு வருஷம் பிடித்தது.