எழுதிக் கொடுக்காத செல்லையன்

விக்கெட் கீப்பர் என்றால் தொண்டை வேண்டும். பந்து மட்டையில் உரசியதோ இல்லையோ, நடுவர் காதில் அறைகிற மாதிரி கத்த வேண்டும். செல்லையன் கத்த மாட்டான். பந்தைப் பிடித்த கையோடு நிமிர்ந்து, ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று விசாரிக்கிற குரலில், “அவுட்டுங்களா?” என்பான். நடுவர் இல்லை என்று தலையாட்டினால் இவனும் தலையாட்டிவிட்டுப் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவான். ஒரு தடவைக்கு மேல் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து அவனைத் திட்டுவதே எனக்குப் பாதி வேலை.

நான் தியாகராசன். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டாரக் கிரிக்கெட் சங்கத்துக்கு ஸ்கோர் எழுதுவேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் அதற்கும் பங்கு உண்டு.

செல்லையன் நெடுங்காட்டுக்காரன். அப்பா மருதையன் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலிக்காரர். நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்து நாற்றுப் பறித்து வளர்ந்த கால் செல்லையனுக்கு. நாள் முழுக்க ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தாலும் வலிக்கவில்லை என்பான். எட்டாவது தேறியிருந்தான். எங்கள் அலுவலகத்தில்தான் தினக்கூலியாக இருந்தான். தண்ணீர் பிடித்து வைப்பான், கட்டுக்கட்டாக ஃபைல் தூக்குவான், தபால் கொண்டு போவான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நிரந்தரப் பியூன் வேலை. விளையாட்டுக்காரர்களுக்கென்று அப்படி ஓர் இடம் எங்கள் அலுவலகத்துக்கு வரும் என்று பேச்சு இருந்தது. எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது சங்கத்தின் பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும், சங்கம் சான்றிதழ் தர வேண்டும், அவ்வளவுதான். காரைக்காலில் அவனைவிட நல்ல கீப்பர் கிடையாது. அந்த இடம் அவனுக்குத்தான் என்று அலுவலகத்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அஞ்சுகத்தை அவள் வீட்டார் அவனுக்குக் கட்டிக் கொடுத்ததே அந்த நம்பிக்கையில்தான்.

எழுபத்தேழு கடைசியில் கஸ்தோன் ஐயா, பிரெஞ்சு வழக்கில் மிசியே கஸ்தோன், ஊருக்கு வந்து சேர்ந்தார். தருமபுரத்துக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சுப் பென்ஷன். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ என்றால் என்ன என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சங்கத்துக்குத் தலைவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். இந்தியக் குடிமக்கள்தான் பதவிக்கு வரலாம் என்று சங்கத்து விதியில் இருந்தது. செயலாளர் காத்தமுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டார். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், பேப்பரில் வந்த ஒரு செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்திரேலியாவில் ஒரு பணக்காரர் வாரியத்தோடு சண்டை போட்டுக்கொண்டு, பெரிய பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் சம்பளத்துக்கு வளைத்துத் தனியாக ஆட்டம் நடத்துகிறாராம். ராத்திரியில் விளக்குப் போட்டு ஆட்டமாம், வெள்ளைப் பந்தாம். கஸ்தோன் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, “நம்மளும் நடத்துவோம்” என்றார்.

நடத்தினார். தன் தென்னந்தோப்பில் பாதியை வெட்டிச் சமன்படுத்தி ஆடுகளத்துக்குக் கயிற்றுப் பாய் விரித்தார். நகரம், தருமபுரம், கோட்டுச்சேரி, நெடுங்காடு என்று நாலு டீம். டீமுக்கு ஒரு நிறம் என்று பனியனை வீட்டிலேயே சாயத்தில் முக்கினார்கள். நெடுங்காட்டுக்குச் சிவப்பு. வியர்வை பட்டதும் சாயம் இறங்கி, ஆட்டம் முடியும்போது பதினோரு பேரும் அடிதடியில் இருந்து திரும்பியவர்கள் போல இருப்பார்கள். சிவப்புப் பந்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். பத்து ஓவரில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கீப்பர் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஆளுக்குப் பணம் போட்ட ஒரு கவர். சங்கத்து ஆட்டத்தில் டீயும் பன்னும்தான்.

செல்லையன் கவருக்காகப் போகவில்லை. கையுறைக்காகப் போனான். சங்கத்தில் இருந்தது ஒரே ஜோடி, அதையும் ஆட்டம் முடிந்ததும் காத்தமுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். கஸ்தோன் மெட்ராஸில் இருந்து புது ஜோடி வரவழைத்து, “இது உன்னோடது, வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ” என்றார். அவன் அதை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தான்.

கஸ்தோன் பிரெஞ்சுக்காரர் முறைப்படி எல்லோரிடமும் ஒப்பந்தம் வாங்கினார். சும்மா கையெழுத்துப் போட்டால் போதாது. கையெழுத்துக்கு மேலே ‘லூ எ அப்ருவே’ என்று தன் கையாலேயே எழுத வேண்டும். படித்தேன், ஏற்கிறேன் என்று அர்த்தம். கரும்பலகையில் பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் போட்டார். ஆட்டக்காரர்கள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி பார்த்துப் பார்த்து எழுதினார்கள். செல்லையன்தான் எழுத்து பிசகாமல் எழுதினான். அவன் வாழ்க்கையில் எழுதிக் கொடுத்த முதல் காகிதம் அது.

மறுவாரமே சங்கம் எல்லோரையும் நீக்கியது. அங்கே ஸ்கோர் எழுதப் போன என்னையும் சேர்த்துத்தான்.

மருதையன் மகனை அடிக்கவில்லை, திட்டவில்லை. “எழுதிக் குடுத்துட்டியாடா?” என்று மட்டும் கேட்டாராம்.

அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க நினைப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை, தானாக இந்தியர்கள். நெடுங்காட்டுக் கூலிக்காரர்கள் யாரும் எழுதவில்லை. எழுதிய குடும்பங்களில் பலது கப்பலேறிப் போனது. மருதையன் இதில் இருந்து தன் பங்குக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்தவன் போய்விடுவான், எழுதாதவன் இருந்த இடத்திலேயே இருப்பான். மகன் கஸ்தோனிடம் எழுதிக் கொடுத்தான், போய்விட்டான். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

என் அப்பாவும் எழுதவில்லை. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சோம்பல், அப்புறம் பார்க்கலாம் என்கிற எண்ணம், கெடு தாண்டிவிட்டது. பிறகு கூடவே பட்டாளத்தில் இருந்தவர்கள் பென்ஷன் வாங்கப் போகிற நாளில் எல்லாம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கே எந்தக் காகிதம் கேட்டாலும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

கஸ்தோனின் லீக் இரண்டு கோடை நடந்தது. எழுபத்தெட்டில் கூட்டம் இருந்தது. எழுபத்தொன்பதில் ஆட்டக்காரர்களும் இரண்டு மூன்று மாடுகளும் இருந்தோம். அந்த வருஷம் நடுவில் கஸ்தோன் கால் ஆபரேஷனுக்காகப் பாரிஸில் மகள் ஷந்தால் வீட்டுக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. திரும்ப வரவில்லை, பாயை யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். ஆஸ்திரேலியாவிலும் சமாதானமாகப் போய்விட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான்.

சங்கமும் இறங்கி வந்தது. பிரிந்து போய் ஆடியவர்கள் திரும்ப வர விரும்பினால் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம், பழையபடி சேர்த்துக்கொள்வோம் என்று காத்தமுத்து நோட்டீஸ் ஒட்டினார். நல்ல மனுஷன். நான் மறுநாளே எழுதிவிட்டேன். அலுவலகத்தில் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியில் என் கடிதத்தை எழுதினேன். மறு பாதியைச் செல்லையனுக்கென்று வைத்திருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு வந்தவனைக் கூப்பிட்டேன்.

“இந்தா, உக்காரு. நான் சொல்லச் சொல்ல எழுது.”

“எதுக்குண்ணே? லீக்குதான் போயிடுச்சே. பழையபடி ஆயிட்டோம்ல.”

“எழுதாம எப்படிடா பழையபடி ஆவும்?”

“எங்கயாவது போறவங்கதாண்ணே எழுதிக் குடுக்கணும். நான் இங்கதான இருக்கேன். ஒரு தடவ எழுதித்தான் பேரு போச்சு. அப்பா சொல்றாங்க, எழுதாம இருந்தவங்க யாரும் கெட்டுப் போவலையாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதாமல் இருந்து கெட்டுப் போனவர் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தவர். அவர் செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “ஒங்கப்பனுக்கு என்னடா தெரியும்? எழுதினா என்ன, எழுதாட்டி என்ன, அவருக்குப் போறதுக்கு ஏதாவது இருந்துச்சா?” என்று கத்தினேன். நாலு மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லையன் குடத்தை வைத்துவிட்டுப் போனான். நான் அந்தப் பாதித் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன். என் கடிதத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். “செல்லையன் எழுதலையா?” என்று காத்தமுத்து கேட்டார். “வருவான்” என்றேன். இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. அவனும் வரவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கோபம் முதல் இரண்டு நாள்தான் இருந்தது.

எண்பத்தொன்றில் அந்த இடம் வந்தது.

செல்லையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சங்கத்துக்கு வந்தான். நானும் கூடப் போனேன். காத்தமுத்து பதிவேட்டைத் திருப்பி வைத்துக் காட்டினார். அவன் பேர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் முப்பத்தோராம் நாள் தேதி. எழுதிக் கொடுக்காதவர்களை அன்றைக்கு நிரந்தரமாக அடித்திருந்தார்கள்.

“எழுதலையேப்பா நீ” என்றார்.

“எழுதலைங்க. எழுதலன்னா இருக்கேன்னுதானுங்களே?”

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“இனிமே எழுதினா ஆவுங்களா?” என்று செல்லையன் கேட்டான். அதே ரேஷன் கடைக் குரல். காத்தமுத்து இல்லை என்று தலையாட்டினார். இவனும் தலையாட்டினான். அவ்வளவுதான். இன்னொரு தடவை கேளேண்டா என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

சைக்கிளில் நெடுங்காடு வரை கூடப் போனேன். வழியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதைப் பற்றி அவன் பேசினான். வீட்டில் அஞ்சுகம் வாசலிலேயே நின்றிருந்தாள். “இல்லையாம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கும் ஒரு இலை போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. குழம்பு என்ன குழம்பு என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு. அந்த இடத்துக்குக் கோட்டுச்சேரிமேட்டில் இருந்து ஒருவன் வந்தான். லீக்கில் ஆடி, பிறகு எழுதிக் கொடுத்தவன். உத்தரவை டைப் அடித்தது நான்தான்.

செல்லையன் பிறகு மட்டையையோ பந்தையோ தொட்டதாகத் தெரியவில்லை. கையுறையை அஞ்சுகம் அடுப்பில் இருந்து சோற்றுப் பானையை இறக்க வைத்துக்கொண்டாள். விரல் இடுக்கில் வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருந்தது.

அவன் இன்னும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறான், இன்னும் தினக்கூலி. தொடர்ந்து மூன்று மாதம் வைத்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்கள் என்று பிறகு ஒரு விதி போட்டார்கள்: எண்பத்தொன்பது நாள் வேலை, தொண்ணூறாம் நாள் நிறுத்தம். அதற்கு அடுத்த நாள் மறுபடி வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாதவனுக்கு வேலை கிடையாது. ஏழு வருஷமாக ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறான். வாங்கி ஃபைலில் வைப்பது நான். ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்கு மேலே, எழுத்து பிசகாமல், ‘லூ எ அப்ருவே’ இருக்கும். அப்படி எழுதினால்தான் செல்லும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யாரும் பார்ப்பதுகூட இல்லை.

போன வாரம் எண்பத்தொன்பதாம் நாள். விண்ணப்பத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். அறையில் நாங்கள் இருவர்தான். பல வருஷமாக வாய்க்குள்ளேயே இருந்ததைக் கேட்டேன்.

“செல்லையா, அன்னைக்கி நானே ஒங் கடிதத்தையும் எழுதி, கையெழுத்து மட்டும் போடுன்னு நீட்டியிருந்தா போட்டிருப்பியா?”

என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

“போட்டிருப்பேண்ணே” என்றான். “மறுநாளு நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன். நீங்க கூப்புடுவீங்கன்னு அந்த மாசம் பூராவும் ஒங்க மேசைகிட்டதான் சுத்திக்கிட்டு இருந்தேன்.”

குரலில் ஒன்றும் இல்லை. குறைகூட இல்லை. பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, “நாளைக்கி நான் வர மாட்டேன், தண்ணி ரெண்டு குடமாப் புடிச்சு வெச்சுடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.