கம்பளிக்குள் கேட்காத ஹோர்ன்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாத மழை நாளில், தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குப் போகும் தனியார் வேனில் வந்துகொண்டிருந்தேன். அப்போது நான் தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. வீடு, அந்தப் பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்தார்.

வேன் ஓட்டியவர் கெட்ட மனிதரல்ல. மூட்டையோடு ஏறுகிறவர்களுக்கு இறங்கி வந்து கைகொடுப்பார். ஆனால் அன்று அரசாங்க பஸ் முன்னால் போய்விட்டது. அதை முந்தினால்தான் வழியில் ஆட்கள் கிடைப்பார்கள் என்று விரட்டினார். ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம், முன்னால் பனிமூட்டம். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹோர்னை நீளமாக அழுத்துவார். வேகத்தை மட்டும் குறைக்கமாட்டார்.

எங்கள் தோட்ட எல்லையில், பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற பலகை இருந்தது. வேன் வேகம் குறையாமலே அதைக் கடந்தது. அது அந்தி நிறுவை நேரம். மேல் மலையில் கொழுந்து எடுத்த பெண்கள், அதை நிறுக்கும் மடுவத்துக்கு இந்த ரோட்டில்தான் வரிசையாக நடந்து போவார்கள். அம்மாவும் அதில் இருப்பார்.

"கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே. நிறுவைக்கு ஆளுங்க போற நேரம்."

"அதான் ஹோர்ன் அடிக்கிறேன்ல டீச்சர்? காது இருக்கவங்க ஒதுங்கிக்குவாங்க."

பக்கத்தில் மரக்கறி மூட்டையை அணைத்தபடி இருந்தவர் சிரித்தார். "டீச்சர், இது உங்க வகுப்பு இல்லீங்க. நீங்க அதட்டுனா வண்டி நிக்காது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை நாளில் அம்மா எப்படி நடப்பார் என்று எனக்குத் தெரியும். கம்பளியை மடித்துத் தலையில் போட்டு இரண்டு காதையும் மூடிக்கொள்வார். அதன்மேல் கூடைக் கயிறு. முதுகில் ஈரக் கொழுந்தின் பாரம். கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே உடனே கேட்காது.

"அண்ணே, அவங்களுக்குக் கேக்காது! கம்பளி போட்டிருப்பாங்க!" என்று கத்தினேன்.

அவர் மறுபடியும் ஹோர்னை அழுத்தினார்.

வளைவு திரும்பியதும் பனிக்குள் முதுகுகள் தெரிந்தன. கூடை சுமந்த முதுகுகள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. பிரேக் பிடித்தார், வேன் நிற்காமல் ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டே போனது. ஹோர்ன் விடாமல் அலறியது. 'டொம்' என்று ஒரு சத்தம். வேன் நின்றபோது முன் கண்ணாடி முழுக்கப் பச்சைக் கொழுந்து ஒட்டியிருந்தது.

எப்படிக் கதவைத் திறந்தேன் என்று நினைவில்லை. வரிசையின் கடைசியில் நடந்தவர் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புற விழுந்து கிடந்தார். அம்மாதான் என்று நினைத்தேன். தோளைத் தொட்டுப் புரட்டினேன். கம்பளி விலகியது. அடுத்த லயத்து அக்கா. அடியைக் கூடை வாங்கியிருந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். எழுந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தவர், "ஐயோ, என் கொழுந்து!" என்றார்.

ஓட்டுநர் அவர் முன்னால் வந்து நின்றார். "ஹோர்ன் அடிச்சேனே அக்கா... வழி நெடுக அடிச்சுக்கிட்டுத்தானே வந்தேன்..."

"அடிச்சியா தம்பி? எனக்கு மழைச் சத்தந்தான் கேட்டுச்சு."

ஓட்டுநர் குந்தி உட்கார்ந்து சேற்றில் சிதறிய கொழுந்தை அள்ளத் தொடங்கினார். மரக்கறிக்காரரும் இறங்கி வந்து அவரோடு சேர்ந்து அள்ளினார்.

அப்போதுதான் முன்னால் பார்த்தேன். வரிசையின் முன்பாதி, நடந்தது எதுவும் தெரியாமல் பனிக்குள் போய்க்கொண்டேயிருந்தது. ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்தேன். உடம்போடு சேர்ந்து மெல்லத் திரும்பியவர், கம்பளியை விலக்கி என்னைப் பார்த்தார்.

"ஏன்டி இப்படி நனையிற? குடை எங்க?"

இன்றும் வண்டியில் போகும்போது வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டால் என் கால் தானாகவே தரையை அழுத்துகிறது; எந்த வேகப் பலகையைப் பார்த்தாலும், திரும்பிப் பார்க்க முடியாமல் முன்னால் நடந்துபோகும் என் அம்மாவுக்காகவே அதை நட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.