'வெளியே' என்னும் பொத்தான்

அம்மா போனபின், "இங்கேயே இருந்துடுக்கா" என்று அக்காவைக் கூட்டி வந்தது தம்பிதான். பின்னறையில் ஒரு கட்டிலும் அவளுடைய தையல் மிஷினும் இடம்பிடித்தன. சமையலும் துணியும் பிள்ளைகளும் கேட்காமலே தலையில் விழுந்தன. துணிக்கடையில் தையல் வேலை இருக்கிறது என்று ஒருமுறை வாயைத் திறந்தாள். "நீ போயிட்டா வீட்டை யாருக்கா பாத்துப்பாங்க?" என்றான் தம்பி. பேச்சு அதோடு நின்றது.

பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ள அலாரமே வந்தது. மாட்ட வந்தவர் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் விளக்கியதை, டீ கொண்டுவந்து வைத்த சாக்கில் அக்காவும் கேட்டுக்கொண்டாள். வாசல் கதவு திறந்தால் சொல்வது கதவு சென்சார். ஹாலில் ஆள் நடந்தால் சொல்வது மூலையில் இருக்கும் கண். 'உள்ளே' பொத்தானை அழுத்தினால் கதவுக்கு மட்டும் காவல்; கண் தூங்கும். 'வெளியே' அழுத்தினால் இரண்டும் விழித்திருக்கும். வீடு காலி என்று அர்த்தம். அலறினால் கம்பெனிக்காரர்கள் அலாரப் பெட்டி வழியாகவே பேசுவார்கள். நிறுத்த ரகசிய எண் வேண்டும். அதை மட்டும் அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கும் போகாதவளுக்கு எண் எதற்காம்!

மறுநாளே அவள் அந்தத் துணிக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. மதியத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று கடைக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

காலையில் பின்னறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று தம்பி வாசலில் கத்தினான். "ஆச்சு, ஆச்சு" என்றாள் அவன் மனைவி. பெட்டி கீச்சிட்டது. கார் கிளம்பிவிட்டது. எட்டிப் பார்த்தால் 'வெளியே' விளக்கு எரிகிறது.

அறையைத் தாண்டினால் ஹால். குளியலறைக்குப் போவதென்றாலும் அதே ஹால்தான். ஜன்னலில் கம்பி. தம்பிக்கு போன் செய்தால் "எங்கக்கா போற?" என்பான், அவளுக்குப் பொய் வாயில் வராது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏற அடிவயிறு முட்டியது. முதலில் பயம், பிறகு வெட்கம், கடைசியில் கோபம். சொந்தத் தம்பி வீட்டில் திருடியைப் போல இதென்ன பிழைப்பு? இந்தப் பெட்டி நேற்றுத்தான் வந்தது. இந்த அறையில் அவள் அடைபட்டு எத்தனை வருஷமாயிற்று!

பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஹாலில் இறங்கினாள். அலாரம் தெருவையே கூட்டியது. அது பாட்டுக்கு அலறட்டும் என்று முதலில் குளியலறைக்குப் போய் வந்தாள். அதற்குள் கம்பெனியிலிருந்தே சத்தத்தை நிறுத்திவிட்டு, பெட்டி வழியே ஒரு பெண் பேசினாள்.

"உள்ள யாரு?"

"நான் இந்த வீட்டுக்காரரோட அக்கா."

"ஓனர்கிட்ட இப்பதான் பேசினோம். வீட்டுல யாருமே இல்லைன்னு அடிச்சுச் சொல்றார்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் கதவின் பூட்டை உள்ளிருந்தே திருகித் திறந்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கான், விடும்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.