கையில் திணித்த சாவி

இன்று காலை ஏனாத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவர் திடீரென்று சரிந்து விழுந்தார். அசைவில்லை, மூச்சும் இல்லை.

"வலிப்புபா! சாவி குடு, சாவி!" என்று யாரோ கத்தினார்கள். நான்கு சாவிக்கொத்துகள் அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டன.

"இது வலிப்பு இல்லபா, இதயம் நின்னுபோச்சி. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, மண்டியிட்டு அவர் நடுமார்பை அழுத்தத் தொடங்கினேன். போன மாதம் நெசவாளர் சங்கத்தில் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் தறி நெய்கிறவள். கை சலித்தால் எழுந்துவிடலாம், புடவை காத்திருக்கும். இங்கே நிறுத்த முடியாது. இரண்டே நிமிடத்தில் தோள் விட்டுப்போனது.

"யாராவது மாத்தி அழுத்துங்கபா, நான் சொல்லித் தரேன்" என்று கெஞ்சினேன்.

சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர் மட்டும் குனிந்தார். தன் சாவியையும் அந்தக் கையில் திணித்துவிட்டு நிமிர்ந்தார்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அவரவர் சாவியை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் அவரோடு போய்விட்டது. நானும் கூடப் போனேன்.

அவர் பிழைக்கவில்லை.

இன்னொரு ஜோடி கை இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது.

நர்ஸ் கொடுத்த சாவியை அவர் மனைவி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க வீட்டு சாவி இல்லம்மா" என்று என்னிடம் நீட்டினார்.

பைக் சாவி, சிவப்புக் கயிறு கட்டியது. உங்களுடையது என்றால் கமெண்டில் சொல்லுங்கள். ஒரு தலையணையோடு வாருங்கள். இரண்டு நிமிடம் நிறுத்தாமல் அழுத்திக் காட்டிவிட்டு வாங்கிப் போகலாம்.