‘ஏற்கனவே’ சாரின் மைத்துனன்

காப்புரிமை அலுவலகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளியில் தொடங்கித் தலைமை அதிகாரி வரை மற்ற எல்லோருக்கும் அவர் ‘ஏற்கனவே’ சார்.

பெயர் சும்மா வரவில்லை. உலகத்திலேயே முதன்முதலாக இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று யாராவது விண்ணப்பம் போட்டால், அது உண்மைதானா என்று தேடிப் பார்ப்பதுதான் அவர் வேலை. பழைய காப்புரிமைகள், ஆய்விதழ்கள், வெளிநாட்டுப் பதிவுகள் என்று எதையும் விடாமல் துழாவுவார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஏற்கனவே இருக்கு” என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றிக்களிப்பு இருக்காது. துக்க வீட்டுக்குப் போனவர் பேசுவதுபோல் மெதுவாகத்தான் சொல்வார்.

வேலையில் சேர்ந்தபோது உயிரியல் பிரிவு. நொதிகளும் நுண்ணுயிர்களும், விதையைப் புழு அரிக்காமல் வைக்கும் முறைகளுமாகச் சில காலம் போனது. பிறகு பொருளியல் படித்தவர் ஒருவர் தப்பாக வந்து உட்கார்ந்திருந்த மூலப்பொருள் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். அங்கே பசை, நுரை, ரப்பர். அப்புறம் தொழிற்கருவிகள் பிரிவில் ஆள் இல்லை என்று அங்கே தள்ளிவிட்டார்கள். மூன்று மாடியிலும் நாற்காலி தேய்த்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மைத்துனனாக வாய்த்தவன், பார்க்கிற எதையும் புதிதாகச் செய்து பார்க்காவிட்டால் சோறு இறங்காத ஒருவன்.

மனைவியின் தம்பி. பம்புகளையும் மோட்டார்களையும் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தான். வாரக் கடைசியில் ஏதாவது ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். தானாகச் சுருண்டுகொள்ளும் குழாய், ஒரே கையால் திறக்கிற டப்பா மூடி, சாய்ந்தால் கூவுகிற ஏணி. சாப்பாட்டு மேசையில் அதை வைத்துத் துணியை விலக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், தொட்டிலில் பிள்ளையைக் காட்டுகிற தகப்பன் தோற்றான்.

“எப்படி மாமா?”

அவர் ஒரு வாய் தேநீர் குடிப்பார். “நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா ஏற்கனவே இருக்கு.”

“எந்த வருஷம்?”

அவர் வருஷத்தைச் சொல்வார். அவன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, “அப்போ எங்க தாத்தாவே பொறக்கல. பரவாயில்ல, அந்த ஆளுக்கும் எனக்கும் ஒரே மூளை” என்று சந்தோஷப்பட்டுக்கொள்வான். அக்காவுக்குத்தான் பொறுக்காது. “ஒரு தடவையாவது நல்ல வார்த்தை சொன்னா உங்க நாக்கு தேஞ்சா போயிடும்?” என்பாள். “அதான் நல்லாருக்குன்னு சொன்னேனே” என்று அவர் பரிதாபமாகப் பார்ப்பார்.

ஒருநாள் பட்டறையில், எண்ணெய் வழியும் சுழல்தண்டு ஒன்றைக் குழாய் இடுக்கியால் பிடித்துக்கொண்டு மறுமுனை மரையைக் கழற்றப் போனான் மைத்துனன். இடுக்கி வழுக்கி, அதன் கைப்பிடி வாயில் அடித்தது. முன்பல் பாதி போய்விட்டது. தண்டிலும் இடுக்கியின் பற்கள் கீறிய தழும்பு. பல் போனதைவிட அந்தத் தழும்புதான் அவனை வாட்டியது. அடுத்தவர் பொருள், அதைக் கெடுத்துவிட்டோமே என்று இரண்டு நாள் முகத்தில் ஈயாடவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு வெற்று மனை. அதைக் குறுக்கே கடந்துதான் வீட்டுக்குப் போவான். அப்படி ஒருநாள் வீட்டுக்குப் போய்க் கால்சட்டையைக் கழற்றினால் துணி முழுக்க ஒட்டுப்புல். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது ஒன்று புரிந்தது. புல்லின் கதிரை ஒரு பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கம் இழுத்தால் உயிரைக் கொடுத்துப் பிடிக்கிறது. எல்லாம் அதன்மேல் ஒரே திசையில் படுத்திருக்கும் சுணையின், அந்த நுண்ணிய முட்களின் வேலை.

அடுத்த சில மாதங்கள் அவன் அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. வந்தபோது துணிச்சுருளுக்குள் ஒரு கைப்பிடியும், அதில் கோத்த ரப்பர்ப் பட்டையும் இருந்தன. பட்டையின் உட்புறத்தில் வரிசை வரிசையாக ரப்பர் முடிகள், எல்லாம் ஒரே பக்கம் படிந்தவை. எண்ணெய் பூசிய இரும்புத் தண்டில் பட்டையைச் சுற்றி, கைப்பிடியை இழுத்தான். பட்டை துளியும் வழுக்கவில்லை, தண்டும் கூடவே திரும்பியது. எதிர்ப்பக்கம் திருப்பினான். பட்டை வெண்ணெய்போலக் கழன்று வந்தது. தண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

“எப்படி மாமா?” உடைந்த பல் வழியாகக் காற்று விசிலடித்தது.

அவர் தேநீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். “பார்க்கணும்” என்றார்.

அப்படி அவர் சொன்னதே கிடையாது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அலுவலகக் கணினியில் தேடினால் தவறு. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவுகளை வீட்டுக் கணினியில் தேடலாம். விடுமுறை நாளில் காலைக் காப்பியோடு உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அடுத்தவன் சொல்லி அவன் மனம் உடைவதைவிட நாமே சொல்லிவிடலாம் என்பதுதான் எண்ணம். கிட்டத்தட்ட இதேபோல் எத்தனையோ இருந்தன. குழாய்க்குள் ஊர்ந்து போகும் கருவி ஒன்று, பாம்புச் செதில் மாதிரி காலணி அடி ஒன்று. ஆனால் எண்ணெய்த் தண்டைக் கீறாமல் பிடிக்கும் பட்டை எங்கேயும் இல்லை. கருவிகளில் தேடி, ரப்பரில் தேடி, தாவரங்கள் வரைக்கும் போய்த் தேடினார்.

மனைவி வந்து பின்னால் நின்றாள். “என்ன, இருக்கா?”

“இல்ல.”

“என்ன இல்ல?”

“ஏற்கனவே... இல்ல.”

அவள் குனிந்து அவர் காதுகளைப் பார்த்தாள். இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. “கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் செவந்திருந்துச்சு” என்று சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போடப் போனாள்.

அதற்குப் பிறகுதான் பாடு. விண்ணப்பம் போடும்வரை விஷயம் வெளியே போகக்கூடாது, ஊருக்கே காட்டிவிட்டால் பிறகு அது புதிதென்று சொல்ல முடியாது. மைத்துனனுக்கோ ஓட்டை வாய். அடுத்த வாரம் கருவிக் கண்காட்சி வேறு. “சும்மா ஓரமா நின்னு காட்டிட்டு வரேனே” என்று கெஞ்சினான். அக்கா அந்தப் பட்டையைப் பிடுங்கித் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “வாயையும் பூட்டு. இல்லன்னா இன்னொரு பல்லையும் நானே எடுத்துடுவேன்” என்றாள். காப்புரிமை முகவர் ஒருவர் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கும்வரை அவன் டீக்கடைப் பக்கம்கூடப் போகவில்லை. அவன் வாழ்க்கையில் அதுதான் பெரிய தவம்.

விண்ணப்பம் போன அன்றே அவர் தலைமை அதிகாரியிடம் போய், இது என் மைத்துனனுடையது, இந்தக் கோப்பின் நிழலும் என்மேல் படக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கோப்பு எதிர் அறையில் இருக்கும் ஆய்வாளர் அம்மாவிடம் போனது. கறார் என்றால் அப்படி ஒரு கறார். அவரோடு சேர்ந்து வேலையில் சேர்ந்தவர், மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். அன்றிலிருந்து ‘ஏற்கனவே’ சார் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய்த் தனியாகச் சாப்பிட்டார். வராந்தாவில் அந்த அம்மா வந்தால் இவர் சுவரில் இருக்கிற அறிவிப்பைப் படிப்பார்.

நாள் போய்ப் பதில் வந்தது. மறுப்பு.

மைத்துனன் காகிதத்தோடு வந்தான். முகத்தில் வருத்தத்தைக் காணோம், வேறு ஏதோ இருந்தது. காகிதத்தை மேசைமேல் வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தான்.

“மாமா, எனக்கு முன்னாடியே ஒருத்தர் இதைப் பண்ணிட்டாராம். காயத்துக்குப் போடுற கட்டு. பசையே இல்லாம, புல்லுச் சுணை மாதிரி முடிய வெச்சுத் தோலைப் பிடிக்குமாம். அதுக்கு அனுமதி குடுத்த ஆய்வாளர் பேரு கீழே போட்டிருக்கு பாருங்க. இது உங்க பேர்தானே?”

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். உயிரியல் பிரிவில் இருந்த காலத்தில் அவரே தேடி, அவரே திருப்திப்பட்டு, அவரே கையெழுத்திட்டது. சுத்தமாக மறந்துபோயிருந்தார். உலகத்தையெல்லாம் துழாவியவர், மருந்துக் கட்டுகள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மனைவிதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பியும் சேர்ந்துகொண்டான். அவர் மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“மன்னிச்சுக்கோ மாப்ளே” என்றார்.

“விடுங்க மாமா. என்னைத் தோக்கடிக்கறதுக்கு வெளியாள் எதுக்கு, நம்ம குடும்பமே போதும்.”

ஆனால் சிரித்ததால் மறுப்பு மாறிவிடவில்லை. பதில் எழுத அவகாசம் இருந்தது. என்ன எழுதுவது என்று முகவருக்கும் பிடிபடவில்லை. இவருக்குத் தெரியும் என்று மனைவிக்குத் தெரியும்.

“ஏங்க, ஒரு வார்த்தை சொன்னா என்ன? வெளியில யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ல” என்றார்.

அவள் அன்று அவரோடு பேசவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அவளுக்குத் தம்பி, தனக்கு வேலை. இரண்டும் பொய்யில்லை என்று தோட்டக் குழாயடியில் நின்றுகொண்டு தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சில நாள் கழித்து மைத்துனன் எண்ணெய் டப்பாவும் தண்டும் பட்டையுமாக வந்து இறங்கினான். “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. நான் அக்காவுக்குத்தான் விளக்கப்போறேன். நீங்க பாட்டுக்கு உட்காருங்க” என்றான்.

முதலில் ரப்பர் முடிகளின் நீளத்தைப் பற்றிச் சொன்னான். அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். ரப்பர் எவ்வளவு மென்மை என்று சொன்னான். அவர் பக்கத்தைத் திருப்பினார். பிறகு தண்டில் எண்ணெயை ஊற்றிப் பட்டையைச் சுற்றி இறுக்கினான். பட்டையின் ஓரங்களிலிருந்து எண்ணெய் கோடுகோடாக வடிந்தது.

“இதப் பாருக்கா. முதல்ல பண்ணினப்போ இதுவும் வழுக்கிச்சு. அப்புறம் வரிசைக்கு நடுவுல வாய்க்கால் மாதிரி இடைவெளி விட்டேன். இறுக்கறப்போ எண்ணெய் அது வழியா வெளிய ஓடிடும். தோல்ல ஒட்டுற கட்டுக்கு எண்ணெயும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது.”

அவன் நிறுத்தினான். செய்தித்தாளுக்கு மேலே சிவந்து தெரிந்த இரண்டு காதுகளையும் பார்த்தான்.

“அக்கா,” என்றான் மெதுவாக, “இந்த வாய்க்கால நான் விண்ணப்பத்துல எங்கயோ ஒரு மூலையில விளக்கமா எழுதினேன். ஆனா எனக்கு உரிமை வேணும்னு கேட்ட இடத்துல சேர்க்கவே இல்ல.”

செய்தித்தாள் மடிந்தது. அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருக்கோடி வரை நடக்கப் போய்விட்டார். பின்னால் அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பது கேட்டது. நடந்தவருக்குச் சங்கடமாக இருந்தது. நாம் வாயைத் திறக்கவில்லை என்று முதலில் ஆறுதல் சொல்லிக்கொண்டார். கண்டுபிடித்தது அவன், மறந்ததும் அவன், நினைவுக்குக் கொண்டுவந்ததும் அவனேதான் என்று பிறகு தோன்றியது. அப்போதுதான் நிம்மதி வந்தது.

உரிமைக்கோரலைச் சுருக்கி, வாய்க்காலைச் சேர்த்து முகவர் பதில் அனுப்பினார். எதிர் அறை அம்மா இன்னும் இரண்டு கேள்வி கேட்டுக் குடைந்தார். கடைசியில் காப்புரிமை கிடைத்தது. முதலில் கேட்டதில் பாதிதான், ஆனால் அந்தப் பாதி முழுக்க முழுக்க அவனுடையது.

மறுநாள் மாடிப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் அந்த அம்மா வந்து தன் டப்பாவைத் திறந்தார். “அந்தக் கட்டுக் கோப்பு, எவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க தெரியுமா? அதனாலதான் என் கையில அகப்பட்டுது” என்றார். அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஊறுகாயை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார்.

காப்புரிமையால் மைத்துனன் மாளிகை கட்டவில்லை. சுற்றுவட்டாரப் பட்டறைகள் பட்டையை வாங்கின. கொஞ்ச தூரத்து ஊர் ஒன்றில் யாரோ அதைக் காப்பியடித்தார்கள் என்று கேள்விப்பட்டு, வழக்குப் போடாமல், பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான். “ரப்பர் சரியில்ல மாமா. எந்த ரப்பர் போடணும்னு சொல்லிட்டு வந்தேன்” என்றான். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அந்த ஆளே இவன் சொல்படி, இவன் அனுமதியோடு, ஒழுங்காகச் செய்து விற்க ஒத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

ஒரு விடுமுறை நாளில் அவர் மனைவியோடு பட்டறைக்குப் போனார். இத்தனை காலத்தில் வாசல் தாண்டி உள்ளே போனது அதுதான் முதல் தடவை. இரும்புத் தூளும் டீசலும் கலந்த வாசனை. கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் சற்றுக் கோணலாகத் தொங்கியது. மேசையில் ஒரு பம்பு பிரிந்து கிடந்தது.

“வாங்க மாமா, நீங்களே ஒரு தடவை பிடிங்க” என்று பட்டையை நீட்டினான்.

எத்தனை ஆயிரம் கருவிகளின் படங்களைப் பார்த்திருப்பார், ஒன்றையும் கையில் எடுத்ததில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்டில் சுற்றினார். சுற்றிய விதத்தைப் பார்த்து மனைவி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் இழுக்கணும்?” என்று கேட்டார்.

மைத்துனன் பின்னால் வந்து நின்று, அவர் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்தான். “இந்தப் பக்கம் மாமா. பயப்படாம இழுங்க” என்றான்.